செடியைக் கடைசியாகத் தொட்டவர்

'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று உண்மையாகவே சொன்ன குற்றவாளி இந்தப் பூமியில் இதுவரை பிறக்கவில்லை!

ரிட்டயர்ட் இன்ஸ்பெக்டர் முப்பத்திரண்டு வருட சர்வீஸில் கண்டறிந்த ஒரே உண்மை அது. யாராவது அந்த வசனத்தைச் சொன்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

இப்போது அவர் வீட்டு ஹாலில்... ஓர் உடல்!

பூனை.

வாயோரம் நுரை. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்துத் தொட்டியில் ரோஜாப்பூவைப் பச்சையில் செய்து வைத்தாற்போல் ஒரு செடி. தடித்த இலை ஒன்றில் பல் தடம்!

அவருக்கு எதுவும் தோன்றவில்லை. மனைவி இறந்துபோன இந்த நாலு மாதமாகவே எதுவும் தோன்றுவதில்லை. அவள் விட்டுப்போனதில் மூச்சு விடுவது இந்தப் பூனை ஒன்றுதான்.

பூனையைத் துண்டில் சுற்றினார். செடியைப் பாலிதீன் கவரில் போட்டு முடிச்சிட்டார். தடயம்!

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும் காரிலேயே விசாரணை தொடங்கியது. ஓட்டியவரே குற்றவாளி. மாப்பிள்ளை.

"செடியக் கொண்டாந்தது நீங்கதானே மாப்ளே?"

"ஆமா மாமா. அத்தை போனப்புறம் வீடு வெறிச்சுனு இருக்கேன்னு..."

"காரணத்த அப்புறம் கேக்கறேன். பேரு?"

"எம் பேரா?!"

"செடி பேரு!"

"எச்செவேரியா. சக்குலன்ட், அதான் தடிச்ச இலையில தண்ணி சேத்து வைக்கற வகை மாமா. பூனை இருக்கற வீட்டுல தாராளமா வைக்கலாம்னு நர்சரியில சொன்னாங்க."

"சாட்சி?"

"சிக்னல் விழுந்துடுச்சு, கொஞ்சம் ஓட்ட விடுங்க மாமா! ஒருவேள தப்பான செடியா இருந்தா... தெரியாம வாங்கிட்டேன்."

வந்துவிட்டது அந்த வசனம்!

கார் சீட்டைத் திருப்ப முடியாது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கால்நடை டாக்டர் பூனைக்கு ஊசி போட்டுவிட்டு, கவருக்குள் இருந்த செடியைப் பார்த்தார்.

"செடி மேல பழி போடாதீங்க சார். கத்தாழை, கலாஞ்சோ மாதிரி விஷச் செடின்னா நானே திட்டியிருப்பேன். இது எச்செவேரியா. பூனை கடிச்சாலும் விஷமில்ல."

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது.

டாக்டர் கவரைப் பிரித்தார். முகர்ந்தார். முகம் மாறியது!

"இது செடி வாசனை இல்லையே... கரப்பான் ஸ்ப்ரே! செடியக் கடைசியாத் தொட்டது யாரு?"

எல்லா வழக்கிலும் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்கும் கேள்வி! இன்று ஒருநாள்தான் கேட்க மறந்திருந்தார்.

காலையில்... இலையிடுக்கில் வெள்ளை வெள்ளையாய் மாவுப்பூச்சி... அலமாரியில் அந்த டப்பா... நாலே நாலு அழுத்து...

"நான்தான்."

யாரோ பேசுவதுபோல் இருந்தது அவர் குரல்.

"எதுக்கு சார் அடிச்சீங்க?"

"பூச்சி... இந்தச் செடியாவது போகாம இருக்கட்டுமேன்னு..."

"மாமா..."

"நீங்க வெளிய இருங்க மாப்ளே."

பூனையின் வாயைக் கழுவி, மேலெல்லாம் துடைத்து, இரண்டு மணி நேரம் போராடினார் டாக்டர். நடுக்கம் நின்றது.

"பொழச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அறையில் யாருமில்லை. இன்ஸ்பெக்டர் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குனிந்தார். மரத்துப்போன நெஞ்சில் எங்கோ சுருக்கென்றது.

"தெரியாம பண்ணிட்டேன்மா..."

பூனை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. அவரை ஏற இறங்கப் பார்த்தது.

பிறகு... முப்பத்திரண்டு வருட சர்வீஸ் போட்டதுபோல், முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டது!