இனிக்கும் குளிரூட்டி

செவ்வாயின் செம்மேட்டுக் குடியிருப்பில் காலையில் யாரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்க மாட்டார்கள். "ஊத்தியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். விடிந்ததும் நீர்வாசலில் வரிசையாக நின்று, இரவெல்லாம் சேர்த்த சிறுநீரை மகாராணிக்குக் கப்பம் கட்டுவதுபோல் பயபக்தியோடு ஊற்ற வேண்டும். வாசல் அதைச் சுத்தம் செய்து குடிநீராகத் திருப்பித் தரும். கல்யாணத்தில் அதையே மொய்யாக வைத்த மகானுபாவர்களும் உண்டு.

அன்று குளிரூட்டிக் குழாய் மெக்கானிக் தணிகைவேல் ஊற்றியதும் வாசல் உறுமியது. "அளவு குறைவு. உள்ளே கண்ணாடித்தூள் போன்ற படிகங்கள். உடனே மருத்துவரிடம் போகவும்."

"என்னய்யா, இதுலயும் கஞ்சத்தனமா?" என்றார் பின்னால் நின்ற கிருபாகரன்.

தணிகைவேல் சிரிக்கவில்லை. முந்தின நாள், குழாயிலிருந்து வடித்த குளிரூட்டித் திரவத்தை ஒரு டம்ளர் குடித்திருந்தான். தேன் மாதிரி இனித்தது, கொஞ்சம் தலையும் சுற்றியது. அது போதாதா அவனுக்கு?

செம்மேட்டில் மது கூடாது. பிடிபட்டால் அடுத்த கப்பலில் பூமிக்கு. ஆனாலும் மதுவில்லாத வீடு ஊரிலேயே ஒன்றுதான், அது தணிகைவேலுடையது. அவன் மனைவி அமுதினி மதுவிலக்குக் குழுத் தலைவி. மூன்று எஃகுக் கதவுக்கு அப்பால் மூடியைத் திருகினாலும் அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். அவள் புருஷனுக்கு எவன் ஒரு சொட்டு கொடுப்பான்?

மருத்துவர் ரெஜினா அமுதினியிடம் சுருக்கமாகச் சொன்னார். "அவர் குடிச்ச குளிரூட்டி உடம்புக்குள்ள அமிலமா மாறி கிட்னிய அடைக்குதும்மா. இப்பவே நல்ல சாராயம் கொடுத்தா ஈரல் அதைத்தான் முதல்ல கவனிக்கும், இதைத் தொடாது. ரெண்டு பாட்டில் கிடைச்சாக்கூட காப்பாத்திடலாம்."

"ஆஸ்பத்திரியில இல்லையா டாக்டர்?"

"இருந்தது. உங்க குழுதானே கொட்ட வெச்சுது."

ரத்தம் கழுவும் டயாலிசிஸ் இயந்திரமோ பூமியிலிருந்து இன்னும் பாதி வானத்தில் வந்துகொண்டிருந்தது. ரெஜினா மருத்துவமனை ரோபோ தாதியிடம், "சாராயம் வந்த நிமிஷமே இவருக்குக் கொடு" என்று உத்தரவு போட்டார். அமுதினி ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"யார்கிட்டயாவது சரக்கு இருந்தா கொண்டுவாங்க. தண்டனை கிடையாது. என் வீட்டுக்காரர் உயிர் உங்க கையிலதான் இருக்கு."

ஊரே கேட்டது. ஊரே கதவைத் தாழிட்டது. போன தீபாவளிக்கும் இதே குரல்தான், "இன்னிக்கு மட்டும் அனுமதி" என்று அறிவித்து, நம்பி வந்தவர்களைக் கையும் பாட்டிலுமாகப் பிடித்தது.

"என்னமா நடிக்கிறா பாரு" என்று சொல்லி, கிருபாகரன் தன் பாட்டிலை அரிசி டிரம்முக்குள் இன்னும் ஆழமாக அமுக்கினார். அவள் வீடு வீடாகப் போய் அழுதாள். "எங்க வீட்ல சீரகத் தண்ணிதாங்க இருக்கு" என்றார்கள்.

தணிகைவேலுக்குச் சிறுநீர் அடியோடு நின்றது. கால் வீங்கியது, முகம் வீங்கியது. அமுதினி அவன் கெண்டைக்காலில் விரலை வைத்து எடுத்தால் பள்ளம் அப்படியே நின்றது. சொட்டுத் தண்ணீருக்கு அல்லாடும் கிரகத்தில், அவன் நுரையீரலுக்குள் வெள்ளம் ஏறியது.

"அவ்வளவும் தண்ணி" என்றான் மூச்சு வாங்க. "வாசல்ல ஊத்த முடியலையே, அமுதி."

அதுதான் கடைசிப் பேச்சு.

படையலன்று ஊரே திரண்டது. இறந்தவருக்குப் பிடித்ததைப் படத்துக்கு முன் வைப்பது செவ்வாய் வரைக்கும் கப்பலேறி வந்த வழக்கம். சாவு வீட்டில் யாரும் சோதனை போடுவதில்லை என்பதும் கூடவே வந்திருந்தது. கிருபாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரிசி ஒட்டிய பாட்டிலை இலையோரம் வைத்தார். "பாவம், ஆசைப்பட்டான்." பிறகு ஒவ்வொருவர் இடுப்பிலிருந்தும் ஒவ்வொன்று வந்தது. இலை மறைந்து, படமும் பாதி மறைந்தது.

அமுதினி பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசனை பிடித்து, ரோபோ தாதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உருண்டு வந்தது. ரெஜினாவின் உத்தரவை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. ஒரு பாட்டிலைத் திறந்து, அளந்து, குழாயில் ஏற்றிக்கொண்டு, பணிவாகக் கேட்டது:

"மருந்து வந்துவிட்டது. நோயாளி எங்கே?"