இருபத்தைந்தா, முப்பதா?

"படம் தடங்கித் தடங்கி ஓடுது நானா... கெமரா புடிச்சவருதான் சரியா புடிக்கல."

முதலாளி ஜமால்தீன் நானாவிடம் சொல்லிவிட்டு நிரோஷினி திரும்பினால், வாசலில் அந்தக் கெமராக்காரனே நிற்கிறான்! காய்ச்சலில் படுத்த ஸ்டூடியோ கெமராக்காரருக்குப் பதிலாக ஒரே ஒரு கல்யாணத்துக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சஞ்சயன். இமையோரம் மழைத்துளி... கண்ணில் கோபத்தின் சுவடுகூட இல்லை. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

கல்யாணத்தன்று அடைமழை. மாப்பிள்ளையும் பெண்ணும் வாவிக்கரைக்குப் போக முடியாமல் மண்டபத்திலேயே பச்சைத் துணிக்கு முன்னால் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கண்டி வாவியைக் கொண்டுவந்து பொருத்துவது நிரோஷினியின் வேலை. வாவி அழகாகத்தான் வந்தது. பெண்தான் விக்கி விக்கி நடந்தாள்.

"ஓம், என்ர பிழையாத்தான் இருக்கும்" என்றான் சஞ்சயன். சரிவரும்வரை கூட இருப்பதாகச் சொல்லி, அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஒரு வாரம் போனது... படம் திருந்தவில்லை, அவள் மனசுதான் கெட்டது. அவனைப் போலவே 'ஓம்' சொல்லிச் சீண்டினாள். கலஹா பஸ்ஸில் வீடு போகும்போது ஜன்னலெல்லாம் அவன் முகம். காலையில் அந்தக் கதிரை காலியாக இருந்தால் கணினியைத் திறக்கவே கை வராது.

வெள்ளிக்கிழமை ஜமால்தீன் பொறுமை இழந்தார். சஞ்சயனுக்கு நிரந்தர வேலை கொடுக்க நினைத்திருந்தாராம், இனி வேண்டாமாம். மறுநாள் பகல் பஸ்ஸில் ஊருக்குப் போவதாகச் சொன்ன சஞ்சயன், அவளை ஒருமுறை பார்த்தான்... படியிறங்கிப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை அடுத்த கல்யாணத்துக்குக் கணினியில் புது புரொஜெக்ட் திறந்தாள். வழக்கமாகப் பார்க்காமலே 'ஓகே' அழுத்திவிடும் அந்த முதல் பெட்டி... செக்கனுக்கு எத்தனை பிரேம், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை படம் என்ற இடத்தில் முப்பது! வழக்கமான கெமராக்காரர் எடுப்பது முப்பது, சஞ்சயன் எடுத்ததோ இருபத்தைந்து. பழையதைத் திறந்தாள், அங்கும் முப்பதுதான். இருபத்தைந்தாக மாற்றினாள். பெண் ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்து வந்தாள்.

ஆகப் பிழை நிரோஷினியுடையது! பிழை விடாத பிள்ளை என்று பெயர் எடுத்தவள் அவள். வாயைத் திறந்தால் அந்தப் பெயர் போகும், மூடியிருந்தால் அவன் போவான்... எழுந்து போய் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார்.

"அப்ப இங்க என்னத்துக்கு நிக்கிறீங்க புள்ள? போய் அவரக் கூட்டிக்கிட்டு வாங்க."

குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு மழையிலேயே ஓடினாள். யாழ்ப்பாண பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அவன்... அவளைக் கண்டதும் இறங்கி வந்தான்.

"தப்பு என்னோடது... முப்பதுன்னு வச்சது நான்தான்."

"தெரியும். முதல் நாளே பாத்தனான்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பின்ன ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒரு நிமிசத்தில சரியாகியிருக்கும். பிறகு உங்களுக்குப் பக்கத்தில இருக்க எனக்கு என்ன சாட்டு?" அவன் குரல் தாழ்ந்தது. "நேற்றுச் சொல்லத்தான் நினைச்சன்... உங்கட பேர் கெட்டுப்போகுமெண்டு விட்டிட்டன்."

வருகிறாயா இல்லையா என்று கண்டக்டர் அதட்டினார்.

"இனி சாட்டு வேணாம்" என்றாள் நிரோஷினி. "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு... போகாதீங்க."

பஸ் புறப்பட்டது. அவனுடைய உடுப்புப் பை மட்டும் யாழ்ப்பாணம் போனது. அவன் பஸ்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை.