நனைந்த வெடிமருந்து

மாசி மாதத்து முழுமதி கீழ்க்கடலின் விளிம்பிலிருந்து செம்பொன் தாம்பாளம்போல மெல்ல எழுந்துகொண்டிருந்த அந்தி வேளையில், வெள்ளோடை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்ற ‘கடற்பருந்து’ என்னும் கொள்ளைக் கப்பலின் பீரங்கித் தளத்தில், திருமேனிநாதன் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாழம்பூவின் மணத்தைச் சுமந்து வந்த காற்றும், அக்கரையில் படுத்திருக்கும் யானையைப்போல் கருத்துத் தெரிந்த வெள்ளோடைக் கோட்டையின் எழிலும் அவன் கருத்தைக் கவரவில்லை. எதிரே ஒரே குவியலாகக் கிடந்த இரும்புக் குண்டுகளையே அவன் வெறித்துக்கொண்டிருந்தான். நேற்று அவன் அளந்து அளந்து ஒன்பது குவியல்களாகப் பிரித்து வைத்த குண்டுகள் அவை. ஒரு மாதத்தில் இப்படிக் கலைவது ஆறாவது முறை.

வாசகர்களே, அந்தக் கப்பலில் இருந்த ஒன்பது பீரங்கிகளும் ஒன்பது கப்பல்களிலிருந்து கொள்ளையடிக்கப்பட்டவை. ஒன்றின் வாய் அளவு மற்றொன்றுக்கு இல்லை. கொள்ளைத் தலைவன் சூறைப் பேச்சிமுத்துவின் ஆட்களோ கைக்கு அகப்பட்ட குண்டை அகப்பட்ட பீரங்கியில் போடுகிறவர்கள். சிறியதாக இருந்தால் பழங்கயிற்றைச் சுற்றுவார்கள். பெரியதாக இருந்தால் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். பாதியில் சிக்கிய குண்டின் பின்னால் தீ வைத்தால் பீரங்கியே வெடித்துச் சிதறும் என்று திருமேனிநாதன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். அந்தத் தளத்துக்கு நேர் கீழே, இருண்ட அறையில், வெள்ளோடைத் துறையைச் சேர்ந்த முத்துக்குளிப்போர் முப்பது பேர் சங்கிலியில் பிணைக்கப்பட்டுக் கிடந்தார்கள்.

பீரங்கிக்காரன் என்று சொல்லிக்கொண்டு கப்பலில் சேர்ந்திருந்தாலும், உண்மையில் அவன் கொள்ளையருக்கு ஊழியம் செய்ய வந்தவன் அல்லன். வெள்ளோடைச் சிற்றரசர் இலஞ்சியப்பர் அனுப்பிய ஒற்றன். ஒவ்வொரு பீரங்கிக்கும் அதன் வாயைவிட ஒரு விரற்கடை சிறிய குண்டுகளாகப் பார்த்து அடுக்கி வைத்தான். அப்படிப்பட்ட குண்டைச் சுட்டால் மருந்தின் வேகம் பக்கவாட்டில் கசிந்துபோகும், குண்டு நடு ஆற்றில் விழும், பீரங்கி வெடிக்காது, கைதிகளும் பிழைப்பார்கள். இவ்வளவு பாடுபட்டு அடுக்கியதை ஒருவர் வந்து வந்து கலைத்தால் எந்த ஒற்றனுக்குத்தான் பொறுமை நிலைக்கும்?

கலைப்பது யார் என்பதை அவன் ஊகித்திருந்தான். வாணவேடிக்கைக்காரர் மகள் என்று சொல்லிக்கொண்டு கப்பலில் சேர்ந்து, மருந்தறையைக் காத்துவந்த உலகம்மை. இன்று கேட்டே விடுவதென்று ஒரு குண்டைக் கையில் தூக்கிக்கொண்டு அவன் மருந்தறைக்குள் நுழைந்தான். அங்கே உலகம்மை தோல்வாளியிலிருந்து கடல்நீரை வெடிமருந்துப் பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன காரியம் செய்கிறீர், அம்மணி?”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து குறுவாளை உருவினாள்.

“பார்த்துவிட்டீர். இனி மறைப்பதற்கில்லை. உம்மைப்போல் சுறுசுறுப்பான மூடரை நான் கண்டதில்லை. நான் கலைக்கக் கலைக்க நீர் அடுக்கிக்கொண்டே இருக்கிறீர்.”

“வேண்டுமென்றேதான் கலைத்தீரா?”

“கொள்ளையனின் குண்டு கோட்டைமேல் விழக்கூடாது என்றுதான்.”

திருமேனிநாதன் அருகிலிருந்த பீப்பாயின்மேல் தளர்ந்து உட்கார்ந்தான். “நான் அடுக்கிய குண்டு ஒன்றுகூடக் கோட்டையை எட்டியிருக்காது. எல்லாமே அளவில் சிறியவை. ஒருமுறையேனும் பீரங்கியின் வாயில் வைத்துப் பார்த்தீரா?”

குறுவாள் மெல்லத் தாழ்ந்தது. “நீர் யார்?”

“இலஞ்சியப்பரின் ஒற்றன்.”

“அதை முன்பே சொல்வதற்கென்ன?”

“சொல்லிக்கொண்டு திரிகிறவன் ஒற்றனா, அம்மணி? அது கிடக்கட்டும், நீர் யார்?”

அவள் வாயெடுப்பதற்குள் மேலிருந்து பேச்சிமுத்துவின் குரல் இடித்தது. “ஏ திருமேனி, எங்கய்யா போய்த் தொலைஞ்சே? கடல் ஓதம் ஏறிருச்சு. விடியிற வரைக்கும் எவன் காத்துக்கிட்டுக் கெடப்பான்? இப்பவே கோட்டை மேல ரெண்டு குண்டு போடணும்.”

இருவரும் பீரங்கித் தளத்துக்கு ஓடி வந்தபோது, அங்கிருந்தவற்றில் மிகப் பெரிய வெண்கலப் பீரங்கியில் பேச்சிமுத்துவின் ஆட்கள் குண்டை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். குண்டு பாதியில் சிக்கி நின்றது.

“தலைவரே, இதில் தீ வைத்தால் நாம் யாரும் மிஞ்சமாட்டோம்.”

“வந்த நாள்லேருந்து இதே பொலம்பல். அளவு, அளவு, அளவு. தள்ளி நில்லுய்யா” என்று பேச்சிமுத்து எரியும் திரியை வாங்கிக்கொண்டான்.

“இது எந்தப் பீப்பாய் மருந்து?” என்று திருமேனிநாதன் மெல்லிய குரலில் கேட்டான்.

“தெரியவில்லை. ஆறில் நான்கைத்தான் நனைத்தேன்” என்றாள் உலகம்மை.

திரி பீரங்கியின் தீத்துளையில் பட்டது. புஸ்ஸென்று புகை கிளம்பியது; அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை. பேச்சிமுத்து மறுபடி வைத்தான். மறுபடியும் புகை. ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவன் துளைக்குள் ஊதிப் பார்த்தான். திருமேனிநாதனுக்குப் பொறுக்கவில்லை.

“ஈர மருந்தை இப்படிச் சூடேற்றிக்கொண்டே இருந்தால் காய்ந்து வெடிக்கும். எல்லோரும் கப்பலின் முன்பக்கம் போங்கள். நான் குண்டைப் பிடுங்கிவிட்டுக் கூப்பிடுகிறேன்” என்றான். அந்தச் சலிப்பில் பொய் சிறிதும் இல்லாததாலோ என்னவோ, பேச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே ஆட்களோடு நகர்ந்தான்.

பீரங்கியை நெம்பும் கடப்பாரையோடு இருவரும் கீழறைக்கு இறங்கினார்கள். சங்கிலி பூட்டிய முளை நான்காவது நெம்பலில் பெயர்ந்தது; சங்கிலியை உருவிக் கைதிகளை மேலே பீரங்கித் தளத்துக்கு அழைத்து வந்தார்கள். பீரங்கித் துவாரத்தின் வழியே கயிற்றைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராக ஓசையின்றி நீரில் இறக்கினார்கள். ஆழ்கடலில் மூச்சடக்கிப் பழகியவர்கள் நீருக்கு மேல் தலைகாட்டாமலே கோட்டையை நோக்கி நீந்தினார்கள்.

“முடிஞ்சுதாய்யா?” என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“சற்றுப் பொறுங்கள், தலைவரே. நன்றாகச் சிக்கியிருக்கிறது.”

முப்பதாவது ஆள் இறங்கியதும் அவர்கள் இருவரும் குதித்தார்கள். அதற்குப் பின்னரே கப்பலில் கூச்சல் எழுந்தது. அவசரத்தில் சுட்ட பீரங்கிகளில் ஒன்றே ஒன்று முழங்கியது; அதன் குண்டும் அவர்களுக்கு ஐம்பது முழம் அப்பால் தொப்பென்று நீரில் விழுந்தது.

கரையேறியபோது உலகம்மையின் உள்ளங்கைகளில் கயிறு அறுத்த காயத்திலிருந்து இரத்தம் வடிந்தது. திருமேனிநாதன் தன் தலைப்பாகையைக் கிழித்துக் கட்டிவிட்டான். கோட்டை வாயிலை அவர்கள் நெருங்கியதும் காவலர் வேல்களைத் தாழ்த்தித் தலை வணங்கினர். ‘ஒற்றனுக்கு இத்தனை மரியாதையா?’ என்று அவன் வியக்கும்போதே காவல் தலைவர், “நாச்சியார் வருகிறார், வழி விடுங்கள்” என்றார்.

திருமேனிநாதன் உலகம்மையின் பக்கம் திரும்பினான். “தாங்கள் சிற்றரசரின் தங்கையாரா? இதை என்னிடம் யாருமே சொல்லவில்லையே.”

“என் தமையனாருக்கே தெரியாது. நான் திருச்செந்தூர் யாத்திரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். முத்துக்குளிப்போரைக் கொள்ளையர் பிடித்துப்போன அன்று படை கூட்டவேண்டும் என்றேன். ஆலோசிப்போம் என்றார். பத்து நாள் ஆலோசித்தார்கள். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.”

அவன் ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். நங்கூரம் தூக்கிய கடற்பருந்து நிலவொளியில் பாய் விரித்துக்கொண்டிருந்தது. “நாச்சியாரே, அந்த ஒன்பது பீரங்கிகளும் இக்கோட்டையின் மதில்மேல் ஏறும்வரை நான் தலைப்பாகை அணியேன். இது ஆணை.”

“நல்லது. நானும் வருகிறேன்” என்றாள் உலகம்மை நாச்சியார். “ஆனால் இம்முறை நீர் என்ன செய்யப்போகிறீர் என்பதைக் கப்பல் ஏறுமுன்பே என்னிடம் சொல்லிவிட வேண்டும்.”