வெளிக்கரை

தடமீட்பி இயந்திரம் மறுபடியும் மண்ணை வெளிப்பக்கமே கொட்டியது.

சாம்பல் காய்ச்சல் பரவியதிலிருந்து இங்கிலாந்தில் பழைய அகழிகளுக்கு வந்த மவுசு சொல்லி மாளாது. சுற்றிலும் தண்ணீர் நின்றால் நோயாளி யாரும் நெருங்க முடியாதே! இடைக்காலப் பண்ணைவீடுகளைச் சுற்றி வெட்டியவை அவை. தூர்ந்துபோய், புல் மூடிய பள்ளமும் மேடுமாய்க் கிடந்தன. தடமீட்பி மண்ணடுக்கைப் படித்து, அன்று எப்படி இருந்ததோ அப்படியே தோண்டித் தரும். பழைய தடத்தில் ஒரு சாண் மாற்றவும் சட்டம் விடாது. அப்படியொரு வீட்டில் குடியேறிய தமயந்திக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மகள் மதுராவை நோய் தீண்டக் கூடாது, அவ்வளவுதான்.

கணவன் பரிதிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "காவலுக்கு வெட்டினா மண்ண உள்பக்கந்தானே குவிப்பாங்க? இது தலைகீழா இருக்கே. பாலத்தத் தூக்குற கம்பத்தையும் வெளிக்கரையிலதான் நடுது, பாரு."

"உனக்கு எதுலதான் திருப்தி? அவனவன் அகழி கிடைக்காம அலையுறான். தண்ணி நின்னாப் போதும்."

தண்ணீர் நின்றது. சில நாளில் பக்கத்துப் பண்ணை மார்த்தா மகனோடு வந்து, உள்ளே ஓரிடம் கேட்டுக் கெஞ்சினாள். தமயந்தி கதவைச் சாத்திக்கொண்டாள். கல்நெஞ்சுதான். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பரிதி ஒருமுறை அரிசி பருப்பு வாங்க வெளியே போய்வந்தான். அந்த வார முடிவில் மதுராவின் நெற்றி கொதித்தது. காய்ச்சல் கண்ட வீட்டின் கூரையில் சிவப்பு விளக்கு தானாகவே எரியும், அதுவும் சட்டம். எரிந்தது.

மருத்துவமனைக்குப் போகப் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பாலம் தூக்கப்பட்டிருந்தது. வெளிக்கரை மேட்டின்மேல் ஊரே வரிசையாக நின்று அவர்களைக் கீழ்நோக்கிப் பார்த்தது. கம்பத்துக் கயிற்றைப் பிடித்திருந்தவள் மார்த்தா. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"மார்த்தா! பச்சப்புள்ளம்மா!" தமயந்தி தமிழிலேயே கதறினாள். யாரும் அசையவில்லை.

பரிதி உள்கரையோரம் நின்ற தடமீட்பியை உலுக்கினான். "மண்ண அகழிக்குள்ள தள்ளு! ஒரு வழி போடு!"

"மூலத்தடத்தில் வேறு வழி இல்லை," என்றது அது, பணிவாக.

"அப்ப இந்த வீட்டுல இருந்தவங்க எந்தப் பக்கமா வெளிய போனாங்க? அதையாவது சொல்லித் தொலை!"

தடமீட்பி சற்று நேரம் மண்ணைப் படித்தது.

"தோண்டியவர்களின் காலடிகள் வெளிக்கரையில் மட்டுமே உள்ளன. உள்ளே இருந்தவர்கள் வெளியேறிய தடம் இல்லை."