மோட்டார் எரிந்த வெள்ளிக்கிழமை

"திங்கக்கிழமை காலையில பட்டறைக்கு சீல் வைக்கப் போறாங்கம்மா," என்றார் இரும்புப் பட்டறைக்காரர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "பன்னெண்டு குடும்பம் என்னை நம்பி இருக்கு. தப்புப் பண்ணியிருந்தா வாயைப் பொத்திக்கிட்டுப் போயிருப்பேன். பண்ணலையே!"

மீட்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நகராட்சியில் அதிர்வு அளக்கும் பிரிவில் முப்பது ஆண்டு இருந்ததால் வந்த பெயர் அது. வீடுகளுக்குப் பக்கத்தில் தொழில் நடத்துகிறவர்கள் நிலத்தை ஓர் அளவுக்கு மேல் அதிர வைக்கக் கூடாது; மீட்டர் ஐந்தைத் தாண்டினால் சீல். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

பக்கத்தில் அவருடைய கொழுந்தனார் நோட்டும் கையுமாகத் தயாராக இருந்தார். ஒரு காலத்தில் அச்சகம் வைத்திருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் அதே சட்டத்தில் அச்சகம் மூடப்பட்டது, அளந்தவர் மீட்டரம்மாவேதான். சொந்தக் கொழுந்தனைக்கூட விடவில்லை என்று அலுவலகமே மெச்சியது. மனிதர் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் காலமான பிறகு அண்ணிக்கு ஒத்தாசையாகச் சுற்றுகிறார். யாரைக் காட்டினாலும் சந்தேகப்படுவார், அது ஒன்றுதான் குறை.

"ஒரு வாரம் மீட்டர் வெச்சாங்க. தினமும் எட்டு, ஒன்பதுன்னு காட்டியிருக்கு," என்றார் பட்டறைக்காரர். "ஆனா வெள்ளிக்கிழமை என் மோட்டார் எரிஞ்சு போச்சு. சம்மட்டி மெஷின் அன்னிக்கு ஒரு அடிகூட அடிக்கலை. அன்னிக்கும் எட்டுங்குது! திருட்டுத்தனமா ஓட்டினேங்கிறாங்க."

"தெருமுனையில மாவு மில்லு இருக்கில்ல? அவன் வேலையாத்தான் இருக்கும், அண்ணி," என்றார் கொழுந்தனார், பேனாவைத் திறந்தபடி.

"முதல்ல பாப்போம். அப்புறம் தூக்குல போடலாம்," என்றார் மீட்டரம்மா.

மாவு மில் பூட்டிக் கிடந்தது. உரிமையாளர் இடுப்பு ஒடிந்து ஒரு மாதமாகப் படுக்கையில் இருந்தார். கொழுந்தனார் பெருமூச்சுடன் அவர் பெயரை அடித்தார். பட்டறையில் மெஷினுக்கு அடியில் ரப்பர் மெத்தை, சுற்றிலும் பள்ளம் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை சாப்பாட்டு இடைவேளை என்று சுவரில் எழுதியிருந்தது. மற்ற நேரத்தில் ஆறு மணி வரை ஓயாத அடி.

புகார் கொடுத்த தையல்காரம்மாவின் வீடு பட்டறையின் பின்சுவரை ஒட்டியது. முன்னறையில் கித்தான் பை தைக்கிற கனத்த தையல் மெஷின், இரும்புக் கால், மோட்டார் பூட்டியது.

"பொய் சொல்லலைம்மா," என்றாள் அவள், கேட்காமலே. "அவங்க அடிக்கிறது உள்ளங்காலுக்குத் தெரியும். ஒன்றரைக்கு எம் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வருவா. சோறு போட்டுட்டு மூணு மணி வரைக்கும் கண்ணசருவேன். அதுகூட முடியலை."

"மீட்டரை எங்க வெச்சாங்க?"

தையல் மெஷினுக்கு ஒரு முழம் தள்ளித் தரையைக் காட்டினாள். கல் பாவிய தரையில் ஒரு சதுரம் மட்டும் பஞ்சும் நூலும் படியாமல் சுத்தமாக இருந்தது. மீட்டரம்மா அந்தக் கல்லைக் காலால் அழுத்தினார். லேசாக ஆடியது. அவர் முகம் சட்டென்று மாறியதைக் கொழுந்தனார் கவனித்தார், காரணம் தெரியவில்லை.

"நகராட்சி அதிகாரியை இங்கயே வரச் சொல்லுங்க. பதிவுத் தாளோட," என்றார் மீட்டரம்மா.

அதிகாரி வந்ததும் மீட்டரம்மா பட்டறைக்காரரையும் அழைத்து நால்வரையும் முன்னறையில் உட்கார வைத்தார். தாளைக் கொழுந்தனார் உரக்கப் படித்தார். தினமும் காலை ஒன்பதரைக்கு மீட்டர் ஏறுகிறது. ஒன்றரைக்கு இறங்கி இரண்டோடு நிற்கிறது. மூன்றுக்கு மறுபடி எட்டு.

"பட்டறை ஓய்றது எப்போ?" என்று கேட்டார் மீட்டரம்மா.

"பன்னெண்டு மணிக்கு!" கொழுந்தனார் துள்ளினார். "அப்ப எட்டு காட்டுது, அண்ணி! ஒன்றரைக்கு சம்மட்டி அடிச்சுக்கிட்டு இருக்கும்போது வெறும் ரெண்டு!"

"ஒன்றரையிலருந்து மூணு வரைக்கும் இந்தத் தெருவுல ஓயறது ஒண்ணே ஒண்ணுதான்."

எல்லோரும் தையல் மெஷினைப் பார்த்தார்கள். தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க மேல குத்தமில்லம்மா. பட்டறை அதிர்வு உங்க காலுக்குத் தெரியுது, அது நிஜம். ஆனா அது வெறும் ரெண்டுதான், சட்டத்துக்கு உட்பட்டது. எட்டு காட்டினது ஆடுற கல்லு மேல உங்க மெஷின் ஓடினதுனால. வெள்ளிக்கிழமை அவர் மோட்டார் எரிஞ்சாலும் உங்க மோட்டார் ஓடுச்சே."

"ஐயோ, பன்னெண்டு பேர் பொழப்பு!" என்றாள் அவள். பட்டறைக்காரரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

அதிகாரிக்கு வியர்த்தது. "மீட்டரை எல்லைச் சுவர்கிட்ட, கெட்டி மண்ணுலதான் வைக்கணும், தெரியும். ஆனா மழை பெஞ்சுது. மழைன்னா வீட்டுக்குள்ள வைக்கலாம்னு சுற்றறிக்கை இருக்கே, மேடம். திங்கக்கிழமை வெளியில வெச்சு மறுபடி அளக்கறேன். சீல் வேண்டாம்." சற்றுத் தயங்கினார். "அந்தச் சுற்றறிக்கையில கையெழுத்து உங்களுதுதான்."

"தெரியும்," என்றார் மீட்டரம்மா. "அந்தச் சதுரத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு மீட்டரம்மாவைச் சுட்டது. கிளம்பியிருக்கலாம், யாரும் மேலே எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கொழுந்தனாரின் பக்கம் திரும்பினார்.

"உங்க அச்சகத்தை அளந்தப்பவும் மழைதான். பக்கத்து வீட்டுக்குள்ள வாஷிங் மெஷின் ஓரமா வெச்சேன். அங்க இடம் காஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான் யோசிச்சேன். நீங்க வந்து இன்னொரு தடவை அளங்க அண்ணின்னு கேட்டீங்க."

கொழுந்தனார் நோட்டை மூடினார்.

"சொந்தக்காரனுக்கு ரெண்டு தடவையான்னு கேட்டுட்டேன். நாலு பேர் என்னைக் கை நீட்டிப் பேசிடக் கூடாதுன்னு. அதுக்காக ஆபீஸ்ல என்னைப் பாராட்டினப்போ தலை நிமிர்ந்து நின்னேன். இப்ப நெனச்சா கூசுது. வேற எவனா இருந்தாலும் மறுபடி அளந்திருப்பேன். நகராட்சிக்கு எம் பேர் போட்டு எழுதிக் கொடுக்கறேன். அச்சகம் திரும்பி வராது, ஆனா தப்பு உங்களுதில்லன்னு பதிவாகட்டும்."

பின்சுவருக்கு அப்பால் யாரோ இரும்பை இழுக்கும் சத்தம் கேட்டது. கொழுந்தனார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"எழுதுங்க, அண்ணி," என்றார். குரலில் கோபம் இல்லை; இருந்திருந்தால் மீட்டரம்மாவுக்குத் தேவலை என்றிருக்கும். "ஆனா அண்ணன் போற வரைக்கும், சட்டத்தை ஏமாத்தினவன்னு என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. அவர்கிட்ட யாரு சொல்றது?"