வீட்டுக்காரி

ஆளில்லாத வீடென்றாலும் சலாம் சொல்லித்தான் ஸஹ்லா உள்ளே கால் வைப்பாள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வாசலைக் கண்டதும் நாக்கு தானாகவே சொல்லிவிடும். இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்த, கோமாரியில் கடலைப் பார்த்து நின்ற அந்தச் சின்ன வீட்டின் வாசலிலும் அப்படித்தான் சொன்னாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

மெதுவான பெண் குரல். சமையலறையில் கைவேலையாய் நிற்கும் ஒருத்தி திரும்பிப் பார்க்காமலே சொன்னதுபோல் இருந்தது. கூட்டித் துடைக்க வந்தவளாக இருக்கும் என்று ஸஹ்லா சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தாள். கவிழ்த்து வைத்த இரண்டு கோப்பைகள், ஒரு காஸ் அடுப்பு, இப்போதுதான் யாரோ நடந்ததுபோல் ஈரமான தரை. வேறு எதுவும் இல்லை.

"காக்கா, உள்ளுக்கு யாரும் வேலை செய்றாங்களா?"

"இல்ல தங்கச்சி. காலையில நான்தான் கூட்டிட்டுப் போன" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மர்சூக். சாவியைப் படிக்கு வெளியே நின்றபடியே நீட்டினார். கையை நன்றாக நீட்டினாரே தவிர, காலை ஒரு அங்குலமும் முன்னால் வைக்கவில்லை.

பைக்கிலிருந்து பையை அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் பஹ்மி குனிந்து தரையைத் தடவினான். பலகைச் சுவரும் தகரக் கூரையும் புதிது. தரை மட்டும் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது.

"தரை நல்ல வடிவா இரிக்கி காக்கா."

"ஓம் தம்பி. முந்தி இதில ஒரு வீடு இரிந்த. ஒரு புள்ளைக்கிச் சீதனமாக் கட்டின. கலியாணத்துக்கு நாள் குறிச்சிருந்த நேரம் கடல் வந்துட்டு. சுவரெல்லாம் போயிட்டு, தரை போகல்ல. நல்ல தரைதானே எண்டு மொதலாளி அதுக்கு மேலேயே போட்டுட்டார்."

"அந்தப் புள்ள?" என்று கேட்டாள் ஸஹ்லா.

"கடலோட போயிட்டு. மையித்தும் கிடைக்கல்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மர்சூக் தென்னைகளுக்கு நடுவே வேகமாக நடந்து போனார்.

அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் சலாம் சொல்லிப் பெண்ணின் வீட்டுக்குள் வருவான். வந்த பிறகு அவன் அந்த வீட்டு மனிதன். மருதமுனையில் ஸஹ்லாவின் வாப்பா சீனிமுகம்மது மூத்த மகள்மார் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். மூன்றாவது வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்று, இப்போது அதற்குள் ஆமணக்கு முளைத்துக் கிடக்கிறது. ஸஹ்லாவும் பஹ்மியும் அக்கா நபீலா ராத்தாவின் வீட்டில், ஹாட்போர்ட் அடித்துப் பிரித்த ஒரு அறையில் இருந்தார்கள். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிக்கும். "என்ட மகன் கலியாணம் முடிச்சானா, இல்ல ராத்தாட வீட்டுல அறை எடுத்தானா?" என்று மாமி ஹவ்வா உம்மா கல்யாண வீடுகளில் சத்தமாகவே கேட்பாள். இப்போது சாய்ந்தமருதில் ஒரு மாடி வீட்டைப் பற்றியும் அந்த வீட்டுக்குரிய பெண்ணைப் பற்றியும் மாமி பேசத் தொடங்கியிருப்பதை நபீலாதான் வந்து சொன்னாள். பஹ்மி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. "கோமாரிக்கு ரெண்டு நாளைக்குப் போவம். ஒண்டு கதைக்கணும்" என்று மட்டும் சொன்னான். மருதமுனையிலிருந்து வந்த வழி முழுக்க அந்த ஒன்று என்னவாக இருக்கும் என்று அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கேட்கப் பயந்துதான் அவள் விளையாட்டைத் தொடங்கினாள்.

"மச்சான், ரெண்டு நாளைக்கு இது என்ட வீடு."

"அப்ப நான் ஆரு?"

"மாப்பிள்ள. வெளிய போய் சலாம் சொல்லிட்டு வாங்க."

"சீதனம் காணாதே புள்ள. கட்டிலும் கிறீச்செண்டு கத்துது."

"கத்தட்டுமே. கேட்டுட்டுச் சிரிக்க இஞ்ச ஆரு இரிக்காங்க?"

பஹ்மி வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே வெளியே போய், தொண்டையைச் செருமி, பெரிய மாப்பிள்ளை மாதிரிச் சலாம் சொன்னான். அவள் பதில் சொல்லி, "உள்ளுக்கு வாங்க" என்றாள். அவள் சொல்லி முடித்த பிறகும் அந்தச் சத்தம் முடியவில்லை. தகரத்தில் பட்டுத் திரும்பியதுபோல் ஒரு மூச்சு பிந்திக் கேட்டது.

"வீட்டுக்காரி ரெண்டு தரம் கூப்பிடுறா. வராம இரிக்க ஏலுமா?" என்று சொல்லிக்கொண்டு அவன் வலது காலை எடுத்து வைத்தான்.

அவள் ஒரு தரம்தான் கூப்பிட்டிருந்தாள்.

அந்தியில் மஹ்ரிப் தொழுத பிறகு காற்று திரும்பியது. கடலின் உப்புக்கும் கருவாட்டு வாடைக்கும் அடியில் வேறொரு மணம் வீட்டுக்குள் ஊர்ந்து வந்தது. புதுச் சுண்ணாம்பு மணம், வெள்ளையடித்த அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டில் இருப்பது. அதோடு நாள்பட்ட மல்லிகையும் கலந்திருந்தது. பின்பக்கம் யாரோ மெல்ல அழைத்ததுபோல் கேட்டது. "ஆரு?" என்று பஹ்மி எழும்பப் போனான். ஸஹ்லா சட்டென்று உள்ளங்கையால் அவனுடைய வாயைப் பொத்தினாள்.

"மஹ்ரிபுக்குப் பிறகு ஆளப் பாக்காமப் பதில் சொல்லப்படாது."

அவன் அந்த உள்ளங்கையில் முத்தமிட்டான். கண்கள் சிரித்தன. அவளும் சிரித்தாள். வாசலில் ஆளைப் பார்க்காமல் சலாம் சொல்லி, ஆளைப் பார்க்காமலே பதிலும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவள் தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காலையில் கட்டிலில் அவன் படுத்த பக்கத்துத் தரையில் ஈர மணல் கிடந்தது. பஹ்மி சோம்பல் முறித்தான்.

"ராவு முழுக்க என்ட தலையத் தடவிக்கிட்டே இரிந்தாய் புள்ள. எவ்வளவு நாளைக்குப் பிறகு இப்படி நித்திரை கொண்ட."

அவள் தடவவில்லை. இரவெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்து, சாய்ந்தமருதில் பார்த்தறியாத ஒரு மாடி வீட்டின் ஜன்னல்களை நினைத்துக்கொண்டு கிடந்தவள் அவள்.

"மச்சான், இண்டைக்கே போவமா?"

"வீடு வேணும் எண்டு நீதானே ஆசப்பட்ட? நாளைக்குக் காலையில போவம்."

பகல் நல்ல பகலாகவே போனது. கடலில் கால் நனைத்தார்கள். அவன் வாங்கிக் கொடுத்த மருதாணி நிற ஷோல் அலையில் நனைந்துவிட, பின்பக்கக் கொடியில் காயப்போட்டாள். வெயில் சாயும் நேரம் இருவரும் சிவப்புத் தரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபோது, பஹ்மி கோப்பையைப் பார்த்தபடி பேசினான்.

"உம்மாட்ட சொல்லிட்டன். சாய்ந்தமருதுக் கதைய விடுங்க எண்டு."

ஸஹ்லா கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"எனக்கு மாடி வேணாம் புள்ள. ஜன்னல் மட்டத்துல நிண்டாலும் உன்ட வீடு போதும்." அவன் உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, விளையாட்டும் உண்மையுமாகச் சொன்னான். "இந்த வீட்டுக்காரிய விட்டுட்டு நான் எங்கேயும் போகமாட்டன்."

அவள் அவனுடைய தோளில் சாய்ந்து அழுதாள். எத்தனை மாதங்களாக நெஞ்சில் கிடந்த கல் அது. அழுகைக்கு நடுவில், கூரைத் தகரம் ஒரு தரம் முனகி அடங்கியது. பெருமூச்சு விட்டதுபோல. தரை சூடாக இருந்தது. வெயில் எப்போதோ இறங்கிவிட்டது. அவன் கை ஊன்றியிருந்த இடத்தில் மட்டும் சூடு.

"கொத்து ரொட்டி வாங்கிட்டு வாறன்" என்று பைக்கை எடுத்தான். "வந்து மாப்பிள்ள மாதிரித்தான் சலாம் சொல்லுவன். கூப்பிட்டாத்தான் உள்ளுக்கு வருவன்."

"கூப்பிடுவன், கூப்பிடுவன். கெதியா வாங்க."

பாங்கு சொல்லும் சத்தம் தென்னைகளுக்கு அப்பாலிருந்து காற்றில் அறுந்து அறுந்து வந்தது. மஹ்ரிபுக்குப் பிறகு துணி வெளியே கிடக்கக் கூடாது. ஷோலை எடுக்கப் பின்கதவைத் திறந்து இறங்கினாள். மணல் குளிர்ந்திருந்தது. கடல் கறுத்துக்கொண்டு வந்தது.

கொடியில் ஷோல் இல்லை.

கவ்விகள் இரண்டும் அப்படியே இருந்தன. அவற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தாள். பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

காற்று தாழ்ப்பாள் போடாது.

"மச்சான்?" என்றாள். பைக் இன்னும் வரவில்லை என்று தெரிந்தும் சொன்னாள். கதவைத் தள்ளினாள். தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது. அவள் விளக்குப் போடவில்லை.

முன்பக்கம் பைக் வந்து நின்றது. அவனுடைய செருமல். அவனுடைய குரல், பெரிய மாப்பிள்ளை மாதிரி.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

ஸஹ்லா வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் உப்பு. சத்தம் வரவில்லை.

உள்ளே பதில் கேட்டது. அவளுடைய குரல். அவளுடைய அதே சிரிப்பு.

"வஅலைக்கும் ஸலாம். உள்ளுக்கு வாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஓடிய தூரத்துக்கு வீடு முடியவில்லை. முன்வாசல் வரவில்லை. ஒரே பலகைச் சுவர். ஒரே ஜன்னல். கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள்.

பஹ்மி சிவப்புத் தரையில் உட்கார்ந்திருந்தான். கொத்துப் பார்சல் விரித்திருந்தது. அவனுக்கு எதிரே, ஜன்னலுக்கு முதுகு காட்டியபடி ஒருத்தி. தலையில் மருதாணி நிற முக்காடு. அதன் ஓரத்திலிருந்து நீர் வழிந்து, தரையில் பரவி, அவனுடைய சாரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஸஹ்லா கண்ணாடியில் அறைந்தாள். சத்தமில்லை. மிஞ்சியிருந்த மூச்சையெல்லாம் கூட்டினாள். அவளுக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள். யார் சொன்னாலும் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை.

சலாம் சொன்னாள்.

குரல் வந்தது. மெலிந்த, நனைந்த குரல். இருந்தும் வந்தது.

பஹ்மி தலையை நிமிர்த்தினான். ஜன்னலைப் பார்த்தான். நேராக அவளுடைய கண்களைப் பார்த்தான். அங்கே இருட்டைத் தவிர எதையும் காணாதவனாகப் புருவத்தைச் சுருக்கினான். பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவனுடைய வாயைப் பொத்தியது. வெளுத்த கை. நெடுநாள் தண்ணீரில் ஊறியதுபோல் விரல்களெல்லாம் சுருங்கியிருந்தன.

"மஹ்ரிபுக்குப் பிறகு ஆளப் பாக்காமப் பதில் சொல்லப்படாது" என்றது ஸஹ்லாவின் குரல்.

பஹ்மியின் கண்கள் சிரித்தன. அந்த உள்ளங்கையில் முத்தமிட்டான். கை விலகியபோது உதடெல்லாம் ஈர மணல் ஒட்டியிருந்தது. அவன் அதை நாக்கால் மெல்ல வழித்து விழுங்கினான்.