ஒன்பது ஐம்பதுக்கு ஸ்கிரீனில் யார்?

காலை 7.10. ராஜபாளையம்.

பையின் அடித்துணியைப் பிரிக்கச் சிவபாண்டி கத்தரிக்கோலை எடுத்தார். அதற்கு வேலையே இருக்கவில்லை. தையல் ஏற்கெனவே அறுபட்டிருந்தது. அட்டை மட்டும் இருந்தது. அதனடியில் ஒளித்து வைத்த பட்டியலைக் காணோம்.

நாற்பத்தோரு பேரின் கையெழுத்து அது. விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் பெட்டிகளை எக்ஸ்ரே மெஷினில் பார்த்து அனுப்பும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கம் பதிவு செய்யக் கோரிக்கை மனுவோடு சேர்த்துப் போட்டது. பத்து மணிக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ஆனந்தவல்லியிடம் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் பிறகு சங்கத்துக்காக ஆளை நீக்குவது லேசில்லை. அதற்கு முன் மேனேஜர் கையில் சிக்கினால் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். சங்கம் என்று வாய் திறந்த இருவரைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பயத்தில் பட்டியலை யாரும் படம்கூட எடுத்து வைக்கவில்லை.

7.40. காளீஸ்வரி ஓடி வந்தாள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். ஆறு வருடமாக ஸ்கிரீன் பார்த்துப் பழகிய கண். துணிமூட்டைக்குள் ஒரு பிளேடு இருந்தாலும் விடாது. வந்ததும் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒளிச்சு வச்ச எடம் யாருக்கெல்லாம் தெரியும்ணே?"

"ஒருத்தருக்கும் தெரியாது. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. முந்தாநாள் நானே தச்சேன்."

"பை நேத்து எங்கெங்க போச்சு?"

"வேலைக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் திரும்பையில கிருஷ்ணன்கோவில்ல டீ குடிக்க எறங்குனோம்ல, அப்ப வேன்லயே கெடந்துச்சு."

சாயங்கால வேனில் வந்தவர்கள் ஐந்தே பேர். இவர்கள் இருவர், கேட் டியூட்டி பார்க்கும் முனீஸ்வரியும் ராம்குமாரும், டிரைவர் சங்கையா.

8.05. முனீஸ்வரியும் ராம்குமாரும் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் ராம்குமார் பட்டென்று சொன்னான்:

"சங்கையாதாம்க்கா. நேத்து மேனேஜர்கூட நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு."

காளீஸ்வரி பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். பக்கவாட்டு அறைகளில் எதுவும் கலையவில்லை. மடித்த துண்டு மடித்தபடியே இருந்தது. அடித்துணித் தையலில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரே வெட்டு.

"எடுத்தவன் தேடவே இல்ல. நேரா அந்த எடத்துலயே கை வச்சிருக்கான். சங்கையாண்ணனுக்கு அது எப்படித் தெரியும்? அண்ணே, பேப்பர்ல கிளிப் எதுவும் போட்டிருந்தீயளா?"

"ரெண்டு இரும்பு கிளிப்."

காளீஸ்வரி அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பையின் அடியில், அட்டைக்கும் கீழே, கிளிப் போட்ட காகிதக் கட்டு. வெளியே இருந்து எவனுக்கும் தெரியாது. எக்ஸ்ரே ஸ்கிரீனில் பளிச்சென்று தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் பையும் கேட்டில் மெஷினுக்குள் போய்த்தான் வர வேண்டும். ஆக, திருடியது வெளியாள் இல்லை. தன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ற ஆள்.

"நேத்து நாம ரெண்டு பேரும் உள்ள போனது ஒன்பது அம்பதுக்கு. அப்ப ஸ்கிரீன்ல யாரு?"

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், மாறியதும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே விதி.

"ஒன்பது நாப்பதுல இருந்து பத்து வரைக்கும் முனீஸ்வரிதான். நோட்டுலயே இருக்கு" என்றான் ராம்குமார்.

முனீஸ்வரியின் முகம் வெளிறிவிட்டது. "ஆமா, கையெழுத்து நாந்தான் போட்டேன். ஆனா கிளிப் எதையும் நான் பாக்கலையே!"

சிவபாண்டி அவளைப் பார்த்த பார்வையைக் காளீஸ்வரியால் தாங்க முடியவில்லை. முனீஸ்வரி அழுதுகொண்டே வந்து காளீஸ்வரியின் இரண்டு தோளையும் பிடித்தாள். "என்னய நம்பலையாக்கா?"

அந்தக் கைகள் தோளில் பட்டதும் காளீஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, நேத்து காலைல கேட்ல துணித்திரைக்குப் பின்னால வச்சு என்னயத் தடவிச் சோதிச்சது நீதான?"

"ஆமா. கேட்ல வேற பொம்பள யாரு இருக்கா?"

"பையை மெஷின் பெல்ட்டுல வச்சிட்டுத்தான் நான் திரைக்குள்ள வந்தேன். எனக்குப் பின்னாலயே அண்ணன் பை. வெளிய வாரப்ப ரெண்டு பையும் அந்தப் பக்கம் வந்து கெடந்துச்சு. நீ எங்கூட உள்ள இருந்தா, பெல்ட்டை ஓட்டுனது யாரு?" அவள் சிவபாண்டி பக்கம் திரும்பினாள். "அண்ணே, ராம்குமார் ஒங்களத் தடவிச் சோதிச்சானா?"

"இல்ல. உள்ள போங்கண்ணேன்னு கையக் காட்டுனான்." சிவபாண்டி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சேர்ல உக்காந்துக்கிட்டே."

காளீஸ்வரி ராம்குமாரைப் பார்த்தாள்.

"நோட்டுல அவ பேரு. நாற்காலியில நீ. கேட்டுக்கு ஒரு பொம்பளய மட்டும் போட்டா, அவ சோதிக்க எந்திரிச்சதும் ஸ்கிரீன் காலியாயிருது, இல்ல ஒன்ன மாதிரி யாராச்சும் உக்காந்துக்கிடுதாவ. ஒரு நிமிசம் போதும், குண்டுகூட உள்ள போயிரும். கேட்டுக்கு ரெண்டு பொம்பள வேணும்னு நம்ம மனுவுல மொத கோரிக்கையே இதுதான. நீயும் படிச்சுத்தானல கையெழுத்துப் போட்ட?"

ராம்குமார் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். சட்டைக்குள்ளிருந்து காகிதக் கட்டை எடுத்து நீட்டினான். வியர்வையில் நனைந்திருந்தது.

"அடுத்த மாசம் பாதிப் பேரை வேலைய விட்டு எடுக்கப்போறாவளாம். பட்டியலைத் தந்தா நான் இருக்கலாம்னாரு மேனேஜரு. பத்து மணிக்கு போன் பண்ணுவேன்னாரு. நீங்க டீ குடிக்கையில வேன்ல வச்சு அறுத்து எடுத்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கலக்கா. பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் பயம் இல்லையால?" காளீஸ்வரி பேனாவை அவன் முன்னால் வைத்தாள். "பதினேழாவது ஓம் பேரு. வேண்டாம்னா அடிச்சிரு."

அவன் பேனாவை எடுத்தான். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு அடிக்காமலே கீழே வைத்துவிட்டான்.

9.50. ஸ்ரீவில்லிபுத்தூர். வக்கீல் தாள்களை எண்ணி வாங்கிக்கொண்டு, பெற்றதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

10.02. ராம்குமாரின் போன் அடித்தது. அவனால் எடுக்க முடியவில்லை. காளீஸ்வரி வாங்கிக் காதில் வைத்தாள்.

"பட்டியல் எங்கடா?"

"வக்கீலம்மா கையில இருக்கு சார்." குரல் நடுங்கத்தான் செய்தது. "நான் காளீஸ்வரி பேசுதேன். அதுல மொதப் பேரு என்னோடது. நாப்பத்தோரு பேரும் அப்படியே இருக்கு சார், ஒண்ணுகூடக் கொறையல."